கருப்பி மேல தப்பில்லை யுவர் ஆனர்!

முன்குறிப்பு: நாட்டுக்கோழிக் குழம்பு செய்முறைன்னு நினைச்சு உள்ள வந்தவங்க அப்படியே வாசலோட திரும்பிடலாம். இந்தப் பதிவுல கொத்து உண்டு, உள்குத்து கிடையாது. சொல்லிட்டேன், அப்புறம் ஆட்டோ அனுப்பக்கூடாது.

போன வாரம் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கேன். பக்கத்து இலையில ஒரு அண்ணன், அவருக்குப் பக்கத்துல இன்னொருத்தர். பேச்சு எப்படியோ கோழி பக்கம் திரும்பிடுச்சு. "புதுசா குஞ்சு வாங்கியிருக்கேன், வீட்ல ஒரு பழைய கோழி கெடக்கு, ரெண்டையும் எப்படிச் சேக்குறது?"ன்னு அண்ணன் கேக்குறார். அந்த இன்னொருத்தர் சாம்பார்ல இருந்து கையை எடுக்காமலே பதில் சொல்றார்: "அதெல்லாம் ஒரு விஷயமாண்ணே? ராத்திரியோட ராத்திரியா கூண்டுக்குள்ள விட்ருங்க. கோழிக்கு ராத்திரி கண்ணு தெரியாது. காலைல எந்திரிச்சுப் பாக்கும், நம்ம கூட்டந்தான் போலன்னு நெனச்சுக்கும்."

எனக்கு அதுக்கப்புறம் ரசம் இறங்கல. ஏன்னா இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே வார்த்தைகள்ல, ஒன்பது மாசத்துக்கு முன்னாடி என்கிட்டயும் ஒருத்தர் சொன்னார். நானும் பெரிய மனுசன் சொல்றார்னு தலையாட்டினேன். அதுக்கு ஒரு குஞ்சு செத்துச்சு. அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்கா.

கருப்பி யாருன்னு முதல்ல சொல்லிடுறேன். மதுரைக்கு வெளியில அஞ்சு சென்ட்ல வீடு கட்டி வந்தப்போ, அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துல தனியா இருந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்தோம். அம்மா துணிமூட்டையோட ஒரு பஞ்சாரத்தையும் தூக்கிட்டு வந்தாங்க. உள்ள நாலு பெட்டை, ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை. பஸ்சுல ஏத்த மாட்டேன்னு கண்டக்டர் மல்லுக்கட்ட, அம்மா அவரை விட பலமா மல்லுக்கட்டி ஜெயிச்சாங்க.

சேவல் விடியக்காலை நாலு மணிக்குக் கூவுதுன்னு எதுத்த வீட்டு சார் புகார் சொன்னதால அதை ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. வெள்ளைக்கழிச்சல்ல ரெண்டு பெட்டை ஒரே வாரத்துல போயிடுச்சு. தடுப்பூசி போடாம விட்டது என் தப்பு, ஒத்துக்கறேன். மூணாவதைக் கீரி தூக்கிடுச்சு. மிச்சம் கருப்பி.

ஒத்தக்கோழியா ஆனதுக்கப்புறம் கருப்பி நடவடிக்கையே மாறிடுச்சு. கொல்லைப்புறத்துல மேயாது. அடுப்படி வாசப்படியில வந்து உக்காந்துக்கும். அம்மா எங்க போனாலும் கால்ல இடிக்கிற மாதிரி பின்னாடியே போகும். சாயங்காலம் ஆனா கூண்டுக்குள்ள போகாம ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கத்தும். "கூட்டாளியத் தேடுதுடா"ன்னு அம்மா சொல்லுவாங்க. கோழி கூட்டமா வாழற சாதி. காட்டுக்கோழியில இருந்து வந்தது, காட்டுல ஒத்தையா நின்னா செத்துச்சுன்னு அர்த்தம். அதனால குஞ்சு வாங்கணும்னு சொன்னது அம்மாதான். வாங்கப் போனது நான்.

வாரச்சந்தையில நாப்பது நாள் குஞ்சு அஞ்சு வாங்கினேன். வித்தவர்கிட்ட கேட்டேன். அவர்தான் மேலே சொன்ன கண்ணு தெரியாத தத்துவத்தை அருளினார். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சு அடிச்சுக்கிட்டு எட்டடிக்கு அஞ்சடிக் கூண்டுக்குள்ள அஞ்சையும் விட்டேன். கருப்பி கட்டையில உக்காந்து தூங்குது. ஒரு சத்தம் இல்லை. ஆஹா, வேலை முடிஞ்சதுன்னு போய்ப் படுத்துட்டேன்.

காலைல ஆறு மணி வாக்குல கூண்டுப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. தினமும் கேக்குற சத்தம்தானேன்னு புரண்டு படுத்தேன். அம்மா எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட விதத்துலயே தெரிஞ்சு போச்சு. ஒண்ணு செத்துக் கெடக்கு, பின்னந்தலையில தோலே இல்லை. இன்னொண்ணுக்கு முதுகு கிழிஞ்சு ரத்தம். மத்த மூணும் தண்ணி வாளிக்குப் பின்னாடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நெருக்கிக்கிட்டு நிக்குது. கருப்பி நடுக்கூண்டுல நிக்குது. அலகுல ரத்தம்.

அன்னிக்கு எங்க வீட்ல நடந்தது ஒரு கோர்ட்டு மாதிரி. தங்கமணி, "என்னங்க, இது இப்படியே விட்டா மத்ததையும் கொன்னுடும், குழம்பு வச்சிடலாம்"னாங்க. விஷயம் கேள்விப்பட்டு வந்த சித்தப்பா, "ரத்த ருசி பாத்த கோழி, இனிமே திருந்தாது. கொலகாரக் கோழி"ன்னு தீர்ப்பே எழுதிட்டார். எதுத்த வீட்டு சார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "மாமியார் மருமக கதைதான் தம்பி, ஹெஹெ"ன்னார். அம்மா ஒண்ணும் பேசல. செத்ததை எடுத்துட்டுப் போய் முருங்கை மரத்தடியில புதைச்சாங்க.

இப்ப நான் கருப்பிக்கு வக்கீல். ஒரொரு குற்றச்சாட்டா எடுத்துக்கலாம்.

முதல்ல அந்தக் கண்ணு தெரியாத தத்துவம். கோழிக்கு இருட்டுல பார்வை மங்கல், அது நிஜம். ஆனா பகல்ல? நம்மளை விட அதிக நிறம் தெரியும் அதுக்கு. நம்ம கண்ணுக்குப் படாத புற ஊதா ஒளி கூடத் தெரியும். கூட்டத்துல ஒவ்வொரு கோழியையும் கொண்டையையும் தலையையும் வச்சுத் தனித்தனியா அடையாளம் வச்சிருக்கும். அப்படிப்பட்ட ஜீவன், காலைல எந்திரிச்சு அஞ்சு புது மூஞ்சியைப் பாத்து "நேத்து இருந்தவங்கதான் போல"ன்னு நினைச்சுக்குமா? நீங்க காலைல எந்திரிச்சு ஹால்ல முன்னப்பின்ன தெரியாத அஞ்சு பேர் உக்காந்து உங்க காபியைக் குடிச்சிட்டிருந்தா, "சரி, நம்ம வீட்டாளுங்கதான்"னு பேப்பர் படிப்பீங்களா? ராத்திரி விட்டா சண்டை வராதுங்கறது இல்லை. சண்டை விடிஞ்சதும் வரும். அப்ப நீங்க தூங்கிட்டிருப்பீங்க, விலக்கிவிட ஆள் இருக்காது. ராத்திரி விடறதுல மாறுறது அது ஒண்ணுதான்.

அப்ப இந்த வழக்கம் எங்கிருந்து வந்துச்சு? ஊர்ல காலங்காலமா சொல்றாங்களே, பொய்யா? இல்லை. இங்கதான் எனக்கு உண்மையான கடுப்பே.

எங்க அப்பத்தா இதைப் பண்ணிப் பாத்திருக்கேன். ரெண்டு பெட்டை ஒரே சமயத்துல அடைக்கு உக்காந்திருக்கும். ஒண்ணோட முட்டை பாதி கூமுட்டையாப் போய் நாலஞ்சுதான் பொரிச்சிருக்கும். அந்த நாலஞ்சு குஞ்சையும் ராத்திரி எடுத்துட்டுப் போய் இன்னொரு அடைக்கோழி இறக்கைக்கு அடியில மெதுவா சொருகிவிடும் அப்பத்தா. காலைல அந்தக் கோழி எல்லாத்தையும் தன் குஞ்சாவே கூட்டிட்டு மேயப் போயிடும். அதான் ராத்திரி வித்தை. அது பலிக்கும். ஏன் பலிக்கும்? இந்தப் பக்கம் இருபத்தோரு நாள் அடையில உக்காந்த கோழி, உடம்பே தாயா மாறியிருக்கு. அந்தப் பக்கம் பொரிச்சு ஒரு நாள், ரெண்டு நாள் ஆன குஞ்சு. யார் சூடு குடுத்தாலும் அம்மான்னு ஒட்டிக்கிற வயசு. இந்த ரெண்டும் சேரணும். குஞ்சுக்கு நாலஞ்சு நாள் கூடிட்டாலே அப்பத்தா யோசிக்கும்.

நான் பண்ணினது என்ன? அடையிலயே இல்லாத கிழட்டுக் கோழிகிட்ட நாப்பது நாள் குஞ்சைக் கொண்டு போய் விட்டேன். சொந்தக் குஞ்சையே தாய்க்கோழி ரெண்டு ரெண்டரை மாசத்துல கொத்தி விரட்டிப் பிரிச்சு விட்டுரும். பெத்ததையே அப்படின்னா, சந்தையில இருந்து சாக்குல வந்ததை மடியில வச்சுக் கொஞ்சும்னு எந்த நம்பிக்கையில விட்டேனோ தெரியல.

இன்னொரு விஷயம், பெரிய கோழிகளை வெளியில இருந்து வாங்கிட்டு வந்தா அப்பத்தா என்ன பண்ணும்? அம்மாகிட்ட உக்காந்து விவரமா கேட்டேன். "பஞ்சாரத்துல போட்டு முத்தத்துலயே வச்சிருப்பா ராசா. மத்த கோழியெல்லாம் சுத்திச் சுத்தி வரும். வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் தொறந்து விடுவா. வாங்கிட்டு வந்த அன்னிக்கேவா தொறந்து விடுவாங்க, வந்த வீடு தெரியாம ஓடிராதா?" ஓடிடாம இருக்கத்தான் மூடி வச்சது. ஆனா நடந்தது இன்னொண்ணு. மூங்கில் பின்னலுக்குள்ள புதுசு, வெளியில பழசு. பாக்கலாம், கொத்த முடியாது. பத்து நாள்ல பழகிடும். இன்னிக்கு வெளிநாட்டுல கோழி வளர்க்கறவங்க கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வச்சு "பாரு, தொடாதே"ன்னு பெரிய முறையாச் சொல்றாங்களே, அதைத்தான் எங்க அப்பத்தா ஒரு பஞ்சாரத்தை வச்சுப் பண்ணிட்டிருந்துச்சு.

ஆக, ஊர் வழக்கம்னு சொல்றவங்க பாதி வழக்கத்தைத்தான் எடுத்துட்டு வந்திருக்காங்க. ராத்திரி ஞாபகம் இருக்கு, அடைக்கோழி மறந்து போச்சு. கோழி ஞாபகம் இருக்கு, பஞ்சாரம் மறந்து போச்சு. மறந்த பாதியை விட்டுட்டு மிச்சத்தை "அந்தக் காலத்துல எல்லாம்..."னு அடிச்சுவிட வேண்டியது. நான் ஊர்க்காரனுக்கு எதிரி இல்லை சாமி. ஊர்ல முழுசா என்ன பண்ணாங்கன்னு கேளுங்கறேன்.

அடுத்து, இடம். "எங்க ஊர்ல எல்லாம் சும்மா தொறந்து விட்ருவோம், ரெண்டு கொத்து வாங்கும், அடங்கிடும்"னு ஒரு கோஷ்டி உண்டு. கரெக்டுதான். உங்க ஊர்ல குப்பைமேடு இருந்துச்சு, வைக்கோல் போர் இருந்துச்சு, மாட்டுத்தொழுவம், வேலி, பக்கத்து வீட்டு முத்தம் எல்லாம் இருந்துச்சு. ஒரு கொத்து வாங்கின குஞ்சு ஓடி வைக்கோல் போருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். துரத்தின கோழி பத்தடி துரத்திட்டு, ஜெயிச்சாச்சுன்னு வந்துரும். ஓடுறதுதான் கோழி பாஷையில "சரி தாயே, நீதான் பெரியவ"ன்னு சொல்றது. எட்டடிக்கு அஞ்சடி கூண்டுல எங்க ஓடுறது? கருப்பி கொத்துது, குஞ்சு ஓடுது, சுவத்துல முட்டி மறுபடி கருப்பி முன்னாடியே வந்து நிக்குது. கருப்பி கணக்குல அது என்ன? அடிச்சும் போகாம எதுத்து நிக்குது. மறுபடி கொத்து. இப்படி அரை மணி நேரம். ரத்தம் வந்துட்டா இன்னும் மோசம். செவப்பு எதைப் பாத்தாலும் கொத்துற புத்தி கோழிக்கு, அதுல மத்த குஞ்சுங்களே கூடச் சேந்துக்கும். ரத்த ருசின்னு சித்தப்பா சொன்னாரே, ருசி எல்லாம் இல்லை. ஓடுறதுக்கு வழியில்லாம அடைச்சு வச்சது நான்.

இந்த "நீதான் பெரியவ" சமாச்சாரம் அப்பத்தாவுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் இல்லை. நார்வேக்காரர் ஒருத்தர், தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பேன்னு பேரு (உச்சரிப்புக்கு நான் பொறுப்பில்லை). சின்ன வயசுல இருந்தே வீட்டுக் கோழிகளை வேடிக்கை பாத்து நோட்டு போட்டு எழுதின ஆசாமி. யார் யாரைக் கொத்தலாம், யார் கொத்து வாங்கிட்டுப் பேசாம போகணும்னு ஒரு வரிசை ஒவ்வொரு கூட்டத்துலயும் இருக்குன்னு 1922-ல ஆராய்ச்சிக் கட்டுரையாவே வெளியிட்டார். ஆபீஸ், அரசியல்னு இன்னிக்கு எல்லா இடத்துக்கும் இழுக்கிற அந்தக் 'கொத்து வரிசை'ங்கிற வார்த்தையே கோழியில இருந்து வந்ததுதான். அந்த வரிசை சண்டை போடறதுக்காக இல்லை, சண்டை வராம இருக்க. ஒரு தடவை முடிவாயிட்டா அப்புறம் ஒரு முறைப்பு போதும், தலையைத் தாழ்த்திட்டு நகந்துரும். புதுசா ஒண்ணு வந்தா மட்டும் வரிசையை மறுபடி எழுதியாகணும். கருப்பி அன்னிக்குக் காலைல அதைத்தான் எழுத ஆரம்பிச்சுது. நாப்பது நாள் குஞ்சு கருப்பி எடையில நாலுல ஒரு பங்கு கூட இருக்காது. பெரிய கோழிக்கு நாலு இறகு போற கொத்து, அதுக்கு உயிர் போற கொத்து. அதை எடை போட வேண்டியது கோழியா, நானா?

மாமியார் மருமக ஜோக்குக்கு வருவோம். எதுத்த வீட்டு சார் மேல மரியாதை உண்டு, ஆனா இந்த ஜோக்கு எனக்குப் பிடிக்கல. பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரின்னு சொல்ல ஒரு கோழி கூட விடக்கூடாதா? ரெண்டு சேவலைச் சேத்து விட்டா இதை விட மோசமா அடிச்சுக்கும், அப்ப மட்டும் அது "வீரம்". பெட்டை கொத்தினா மாமியார். எங்க வீட்ல மாமியாரும் மருமகளும் இருக்காங்க. கூண்டைச் சுத்தி நடந்த பஞ்சாயத்துல ரெண்டு பேரும் ஒரே கட்சி, நான்தான் எதிர்க்கட்சி. போதுமா?

யூடியூப்ல ஒரு தம்பி சொன்னதையும் விட மனசில்லை. கொத்துற கோழிக்கு மூக்கு நுனியை நெகவெட்டியால வெட்டி விடணுமாம். ஆயிரக்கணக்குல அடைச்சு வச்சு முட்டை எடுக்கற பண்ணைகள்ல அலகு வெட்டுறது உண்டுதான். ஆனா அந்த அலகு வெறும் நகம் இல்லை, உள்ள நரம்பு ஓடுது, வலிக்கும். கொல்லைப்புறத்துல கரையானையும் புழுவையும் கிளறித் திங்கற கோழிக்கு அதுதான் கை, அதுதான் விரல். இடம் பத்தாத தப்பு நம்மளோடது, வெட்டு அதுக்கா? கேட்டப்பவே பத்திக்கிட்டு வந்துச்சு.

சரி, ரெண்டாந்தரம் என்ன பண்ணினோம்னு சொல்லணும்ல. இல்லேன்னா "பேச்சு மட்டும்தான்"னு பின்னூட்டத்துல கும்மிடுவீங்க.

முதல் வேலையா குஞ்சு நாலையும் முன்பக்கம் கார் நிக்கற இடத்துக்கு மாத்திட்டோம். மூணு வாரம். இதைச் சந்தையில இருந்து வந்த அன்னிக்கே பண்ணியிருக்கணும். புதுசு கொண்டு வர்ற வியாதி பழசுக்கு ஒட்டும், அதை எல்லாரும் சொல்றாங்க. பழசு கிட்ட இருக்கற வியாதி புதுசுக்கு ஒட்டும்கறதை யாரும் சொல்றதில்லை. வெள்ளைக்கழிச்சலையும் சளியையும் தாண்டி வந்த கிழவி, பாக்கத் தெம்பாத்தான் இருக்கும், உள்ள என்ன வச்சிருக்கோ. ரத்தக்கழிச்சல் கிருமி தரையிலயே கெடக்கும், பெரிய கோழிக்குப் பழகிடும், குஞ்சைச் சாய்ச்சிடும். இந்தத் தடவை கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்டு, லசோட்டா சொட்டு மருந்தும், எட்டு வாரம் ஆனதும் இறக்கையில ஆர்2பி ஊசியும் போட்டாச்சு.

முதுகு கிழிஞ்ச குஞ்சுக்கு ஜென்ஷன் வயலெட். மருந்துக்கு மருந்து, செவப்பு மறைஞ்சு ஊதாவாத் தெரியறதால மத்தது கொத்தாது. அதைத் தனி அறையில வைக்காம, மத்த மூணுக்கும் நடுவுல ஒரு தட்டி மட்டும் வச்சுப் பக்கத்துலயே வச்சோம். ரொம்ப நாள் கண் மறைவா வச்சுட்டு திரும்பக் கொண்டு வந்தா, கூடப்பிறந்ததுங்களே "நீ யாரு?"ன்னு கேக்கும். அதுக்கு அம்மா ஊதாக்குட்டின்னு பேர் வச்சாச்சு.

அப்புறம் ஒரு மாசம் பஞ்சாரம். ஆமா, பஸ்சுல சண்டை போட்டு வந்த அதே பஞ்சாரம். பகல்ல கொல்லையில பஞ்சாரத்துக்குள்ள குஞ்சுங்க, வெளியில கருப்பி. ராத்திரி கூண்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல கம்பிவலை. முதல் ரெண்டு நாள் கருப்பி பஞ்சாரத்தைச் சுத்திச் சுத்தி வந்து பின்னல் வழியா கொத்தப் பாத்துச்சு. நாலாம் நாள் அலுத்துப் போச்சு. பத்தாம் நாள் பஞ்சாரத்து மேலயே ஏறி உக்காந்து வெயில் காய ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு பக்கமும் கம்பும் நொய்யும் ஒரே நேரத்துல போடுவாங்க அம்மா. பின்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை குனிஞ்சு தின்னுட்டிருக்கும்.

தீனி விஷயத்துல ஒரு சின்ன எச்சரிக்கை. கருப்பி முட்டை விடட்டுமேன்னு நான் முட்டைக்கோழித் தீவனம் வாங்கி வச்சிருந்தேன். அதுல சுண்ணாம்புச் சத்து வளரும் கோழித் தீவனத்தை விட மூணு நாலு மடங்கு. குஞ்சு மாசக்கணக்குல தின்னா சிறுநீரகம் கெட்டுடும். சேந்து மேயப் போறதுன்னா எல்லாத்துக்கும் வளரும் கோழித் தீவனமே போடுங்க, பெரியவளுக்குத் தனியா கிளிஞ்சல் உடைச்சு ஒரு கொட்டாங்குச்சியில வச்சிடுங்க. வேணுங்கறதை அதுவே எடுத்துக்கும்.

குஞ்சுக்கு மூணு மாசம் ஆச்சு. இப்ப அது குஞ்சு இல்லை, வெடக்கோழி. ஒரு ஞாயித்துக்கிழமை, நாள் பூரா வீட்ல இருக்கறதா முடிவு பண்ணிட்டு, ஆணி புடுங்கற வேலை எல்லாம் ஓரங்கட்டிட்டு, திறந்து விட்டோம். கூண்டுல இல்லை, கொல்லையில. வெடக்கோழிங்களை முதல்ல விட்டு ஒரு மணி நேரம் சுத்த விட்டு, அப்புறம்தான் கருப்பியை வெளியில விட்டோம். வந்தவ கருப்பிங்கற மாதிரி. தீனித் தட்டு மூணு, தண்ணி ரெண்டு இடத்துல, ஒண்ணுல இருந்து ஒண்ணு தெரியாத மாதிரி. சுவத்துல ஒரு பழைய பிளைவுட் பலகையைச் சாய்ச்சு, ரெண்டு பக்கமும் வழி இருக்கற மாதிரி ஒரு ஒளிவிடம். ஒரு பக்கம் மட்டும் வழி இருந்தா அது ஒளிவிடம் இல்லை, பொறி. இதை ரெண்டு தடவை படிங்க.

சண்டை வந்துச்சா? வந்துச்சு. கருப்பி நேரா போய் பெருசா இருந்ததை ஒரு கொத்து. அது பலகைக்குப் பின்னாடி ஓடிடுச்சு. தங்கமணி "ஐயய்யோ"ன்னு விளக்குமாத்தோட ஓடினாங்க. அம்மா கையப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. "விடு தாயி. ரத்தம் வந்தா போலாம். மூலையில மறிச்சு நிறுத்தினா போலாம். திங்க விடாம நின்னா போலாம். மத்தபடி அதுக பாடு." மூணே விதி. நான் படிச்ச எதுலயும் இவ்வளவு சுருக்கமா இல்லை.

நாம நடுவுல பூந்து பூந்து பிரிச்சு விட்டா அந்த வரிசை முடிவாகவே ஆகாது, தினமும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். அதே சமயம் "அதுகளே பாத்துக்கும்"னு கதவைச் சாத்திட்டுப் போனா நான் முதல் தடவை பண்ணின மாதிரி ஆகும். நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான் வேலை, ஆனா அந்த வேலையைத்தான் யாரும் செய்யறதில்லை. ராத்திரி வித்தை எல்லாருக்கும் ஏன் பிடிக்குதுன்னு நினைக்கறீங்க? உக்காந்து பாக்க வேணாம்ல.

நாலு நாள் பகல்ல மட்டும். ராத்திரி நடுவுல வலை. அஞ்சாம் நாள்ல இருந்து வலையை எடுத்தாச்சு. விடியறதுக்கு முன்னாடி அம்மா போய்க் கதவைத் திறந்து விட்டுருவாங்க, யாரும் அடைபட்டு நிக்கக் கூடாதுன்னு. கட்டையும் ரெண்டு உயரத்துல. மேல்கட்டை கருப்பிக்கு. அதை யாரும் சொல்லிக் குடுக்கல, அதுகளே தெரிஞ்சுக்கிச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ராத்திரி விட்டு ஒண்ணும் ஆகாதவங்களும் இருக்காங்க. எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் தோட்டத்துல அப்படித்தான் பண்ணினான். விசாரிச்சா, அரை ஏக்கர் தோப்பு, விட்டது முழு வளத்தி வெடக்கோழி எட்டு, காலைல அஞ்சு மணிக்கே கூண்டு திறந்தாச்சு. தோப்பும் வயசும் எண்ணிக்கையும் சேந்து காப்பாத்தினதை அவன் ராத்திரி கணக்குல எழுதி வச்சிருக்கான். நாளைக்கு எட்டடிக் கூண்டு வச்சிருக்கறவனுக்கு அதே வாயால யோசனை சொல்வான். கல்யாணப் பந்தியில சொன்னாரே, அவரும் அப்படி ஒரு தோப்புக்காரராத்தான் இருக்கணும்.

பந்தி முடிஞ்சு கை கழுவற இடத்துல அந்தக் குஞ்சு வாங்கின அண்ணனைப் பிடிச்சேன். எத்தனை குஞ்சு, என்ன வயசு, கூண்டு எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். மூணு குஞ்சு, ஒரு மாசம், மொட்டை மாடியில ஆறடிக் கூண்டு. ஈரக்கையோட கால் மணி நேரம் நின்னு பேசினோம். பஞ்சாரம் எங்க கிடைக்கும்னு கேட்டார். அதுதான் இப்ப பெரிய கேள்வி. மூங்கில் பஞ்சாரம் முடையறவங்க குறைஞ்சு போயிட்டாங்க, கடைகள்ல பாதி பிளாஸ்டிக்குதான். அதுவும் பரவாயில்லை, காத்து வந்தா சரி, மேல ஒரு கல்லை வைங்கன்னு சொல்லி அனுப்பினேன். ராத்திரி விட மாட்டேன்னு வாக்கு வாங்கிட்டுத்தான் விட்டேன்.

கருப்பி இப்ப அடுப்படி வாசலுக்கு வர்றதில்லை. நாலும் கூடவே மேயுது. ஊதாக்குட்டியை மட்டும் இன்னும் தீனித் தட்டுகிட்ட ஒரு கொத்து கொத்தும், பெருசா இல்லை, ஞாபகப்படுத்தற மாதிரி. அம்மாவுக்கு இதுல ஒரு சின்ன வருத்தம், காலுக்குள்ள வந்து இடிக்க ஆள் இல்லைன்னு. வெளியில சொல்ல மாட்டாங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல். வெடக்கோழின்னு நினைச்சு வளர்த்த நாலுல, முதல் கொத்து வாங்கிட்டு ஓடிச்சே அந்தப் பெருசு, அது வெடக்கோழி இல்லை. போன செவ்வாக்கிழமை விடியக்காலை நாலே காலுக்குக் கூண்டு மேல ஏறி நின்னு, தொண்டை உடையற குரல்ல ஒண்ணு விட்டுச்சு பாருங்க. எதுத்த வீட்டு மாடியில லைட் எரிஞ்சுது. சார் இன்னும் ஒண்ணும் கேக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு இன்னிக்கு அம்மா அரை டஜன் முட்டை குடுத்து அனுப்பியிருக்காங்க.